பின் சீட்டில் யார்?

கோயம்புத்தூரில் சிங்காநல்லூரைத் தாண்டி இருக்கும் அந்தப் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எந்தக் கம்பெனி ஸ்பிரிங், எத்தனை மில்லிமீட்டர் இறக்க வேண்டும், ஷாக் அப்சார்பர் மஞ்சளா சிவப்பா என்பதெல்லாம் யூடியூப் பார்த்து முடிவாகியிருக்கும். பட்டறைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கையைத் துடைத்தபடி ஒன்றே ஒன்று கேட்பார்: "பின் சீட்டுல யாருங்க உட்காருவாங்க?"

வந்தவர் கொஞ்சம் திகைப்பார். அவர் பேச வந்தது வளைவில் வண்டி சாயாமல் போவதைப் பற்றி. ஆனால் இந்தக் கேள்விக்குள் கிலோ கணக்கு இருக்கிறது. சிறிய ஹேட்ச்பேக் ஒன்றில் ஓட்டுபவர் மட்டும் இருந்தால் பின்பக்கம் ஒரு ஸ்பிரிங்கின் மேல் சுமார் 200 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் சீட்டில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் பெட்டிகளும் போனால் அதே ஸ்பிரிங் 320, 330 கிலோவைத் தாங்க வேண்டும். முன்பக்கத்தில் இந்த அளவு மாற்றம் கிடையாது. தனியாக பெங்களூர் போய்வரும் இளைஞரின் காரும், வாரம் ஒருமுறை அப்பா அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவரின் காரும் ஒரே மாடலாக இருக்கலாம். சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு வண்டிகள்.

பட்டறைக்காரர் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது கார் வழியாக இல்லை. சங்ககிரியில் லாரிக்குப் பட்டை கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு விசித்திரம் உண்டு. தாங்குவதும் அதுதான், அதிர்வை அடக்குவதும் ஓரளவு அதுதான். தகடுகள் ஒன்றோடொன்று உரசுகிற உரசலில் ஆட்டம் அடங்குகிறது. துருப்பிடித்து இறுகிவிட்டால் சின்னக் குழியில்கூட வண்டி மொத்தமாகத் தூக்கிப்போடும். கிரீஸ் தாராளமாக வைத்தால் மெத்தென்று ஆகும், ஆனால் ஆட ஆரம்பித்தால் நிற்காது. ஸ்பிரிங்கை மாற்றவே இல்லை, உரசலை மட்டும்தான் மாற்றினோம், வண்டி வேறாகிவிட்டது என்பதை அந்த வயதிலேயே கையால் தெரிந்துகொண்டதாகச் சொல்வார். பிற்பாடு அவர் கற்ற பெரும்பாலானவை இதன் விரிவுதான்.

கோவைக்கு வந்தபோது இந்த ஊர் பந்தய வண்டிகளின் ஊராக ஆகியிருந்தது. எஸ். கரிவரதன் மாருதி இஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிக் காட்டியிருந்தார். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் திறந்த பிறகு அங்கே போய்விட்டன: 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதியைத்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் காலத்தில் பந்தயக் குழுக்களுக்கு ஸ்பேனர் பிடித்த பல கைகளில் நம்மவருடைய கையும் ஒன்று. ஒரு வாரம் இருங்காட்டுக்கோட்டைக்கு எஸ்டீம், அடுத்த முறை ராலிக்கு ஜிப்ஸி. ஓடுதளத்துக்குப் போகும் வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, ஸ்பிரிங்கைக் கல் மாதிரி ஆக்குவார்கள். சாலை வழுவழுப்பாக இருப்பதால் அது செல்லும். நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங் கொண்ட ஜிப்ஸியை ராலிக்குத் தயார் செய்யும்போது கதை தலைகீழ். சக்கரம் மேலும் கீழும் போகிற தூரத்தைக் கூட்டுவார்கள், பட்டையைக் கடினமாக்குவதில் அவ்வளவு ஆசை காட்டமாட்டார்கள், ஷாக் அப்சார்பருக்குத்தான் பணம் கொட்டுவார்கள். கல்லும் பள்ளமுமான தடத்தில் கடினமான வண்டி துள்ளும். துள்ளுகிற சக்கரம் தரையில் இல்லை, தரையில் இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை.

நம்முடைய சாலைகள் இருங்காட்டுக்கோட்டைக்கு நெருக்கமா, ராலித் தடத்துக்கு நெருக்கமா என்று வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

வண்டி உள்ளே வந்ததும் அவர் முதலில் எடுப்பது காற்று அழுத்தமானி. டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 32 அல்லது 33 என்று சொல்லும். மைலேஜ் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி 40 அடித்திருப்பார்கள். டயர்தான் வண்டியின் முதல் ஸ்பிரிங். அதைப் பாறையாக்கிவிட்டு மேலே இருக்கிற ஸ்பிரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது வேடிக்கை. அழுத்தத்தைச் சரிசெய்து, பொள்ளாச்சி சாலையில் ஒரு சுற்று விட்டுவிட்டு, காசு வாங்காமல் அனுப்பியவர்கள் உண்டு.

அடுத்தது அலாய் வீல். 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று 205/45 ஆர்17க்கு மாறினால் பக்கச்சுவர் 92ஆகக் குறைகிறது. மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் குழிக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பரும் காற்றும் 28 மில்லிமீட்டர் குறைந்துவிட்டன. போதாததற்குச் சக்கரத்தின் எடையும் பல நேரம் கூடியிருக்கும். சக்கரமும் பிரேக்கும் ஹப்பும் சேர்ந்த பகுதி குழியில் அடிபட்டால் நொடிக்கு 10 முதல் 15 தடவை தானாகத் துடிக்கும். எடை கூடக்கூட அந்தத் துடிப்பை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குச் சிரமம். வளைவில் ஸ்டீயரிங் கூர்மையாக இருக்க வேண்டும் என்பவருக்கு அவர் ஒத்துக்கொள்வது 16 அங்குலம் வரை. 195/55 ஆர்16 என்றால் சுவர் 107 மில்லிமீட்டர், நல்ல டயராகப் போட்டால் பாதி ஆசை அங்கேயே தீர்ந்துவிடும். டயரின் பக்கவாட்டில் எந்த வாரம், எந்த ஆண்டு என்று நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். அதைப் படிக்காமல் அவர் சஸ்பென்ஷன் பேச்சைத் தொடங்குவதில்லை. ஏழெட்டு வருடம் வெயிலில் காய்ந்து கெட்டியான ரப்பர், எந்த விலையுயர்ந்த ஷாக்கையும் அவமானப்படுத்திவிடும்.

பிறகு வண்டியைத் தூக்கி, கம்பி வைத்து நெம்பிப் பார்ப்பார். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட். 80,000 கிலோமீட்டர் ஓடிய காரில் இவற்றில் ஏதாவது ஒன்று கிழிந்திருப்பது சகஜம். "வண்டி அலையுதுங்ணா, ஸ்டிஃப்பா ஏதாவது போடலாம்" என்று வருகிறவருக்குப் பல சமயம் தேவைப்படுவது புதிய ரப்பர் புஷ்தான். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த வண்டி எப்படி ஓடியது என்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும், அல்லது இரண்டாம் கையில் வாங்கியதால் தெரிந்தே இருக்காது. பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். பந்தய வண்டிக்குப் போடு, வீட்டு வண்டிக்கு வேண்டாம் என்பது அவர் கட்சி. ரப்பர் புஷ் தன் உடம்பையே முறுக்கிக்கொண்டு அசைவுக்கு இடம் கொடுக்கும். பாலியூரிதேன் வழுக்கிச் சுழல வேண்டும். நம் ஊர்த் தூசியில் கிரீஸ் காய்ந்ததும் கிறீச்சிட ஆரம்பிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பிரிங்.

ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசும்போது அவர் எத்தனை கிலோ கடினம் என்று சொல்வதில்லை, நிற்கும்போது எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்றுதான் சொல்வார். அதில் வண்டியின் தாளம் முழுக்க அடங்கியிருக்கிறது. முன்சக்கரத்தின் மேல் 280 கிலோ, ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2.2 கிலோ வேண்டும் என்றால் நிற்கும்போது அமுங்கியிருப்பது 127 மில்லிமீட்டர். அந்த வண்டியை அமுக்கி விட்டால், அடக்க ஆளில்லாத ஊஞ்சலைப்போல நிமிடத்துக்கு 84 தடவை மேலும் கீழும் ஆடும். சாதாரணமாக நடக்கும்போது நாம் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி எடுத்துவைக்கிறோம். அதை ஒட்டிய, அதற்குச் சற்றுக் குறைந்த தாளம் உடம்புக்குப் பழக்கமானது. ஸ்பிரிங்கை 30 விழுக்காடு கடினமாக்கினால் 84 என்பது 96 ஆகும், 30 விழுக்காடு கூடாது. வர்க்கமூலக் கணக்கு. அதனால்தான் தரமான கம்பெனிகள் தரும் சற்றே கடினமான ஸ்பிரிங்கை மாட்டிய பிறகும் வண்டி கொடுமையாக மாறிவிடுவதில்லை. மனித உடம்பு செங்குத்து அதிர்வை மிகவும் வெறுப்பது நொடிக்கு 4 முதல் 8 தடவை வருகிற அதிர்வில். வீட்டுக் கார்களின் ஸ்பிரிங் தாளம் அந்த இடத்தை நெருங்குவதே இல்லை. அப்படியானால் "ஸ்பிரிங் மாத்துனதும் இடுப்பு போச்சு" என்று சொல்கிறவர்கள் எதை அனுபவிக்கிறார்கள்? அதற்கு வருவோம்.

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே தாளம் இருக்கக்கூடாது என்பதைக் கண்டு சொன்னவர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன பிரிட்டன்காரர். 1930களின் தொடக்கத்தில் ஒரு காரின் முன்னும் பின்னும் எடைகளை நீளவாக்கில் நகர்த்தி வைக்கும்படி ஒரு சோதனை வண்டி கட்டி, அதில் ஆட்களை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின்னதைவிட மென்மையாக, அதாவது பின்பக்கத் தாளம் சற்று வேகமாக இருந்தால் பயணம் தட்டையாகிறது என்று தெரிந்தது. காரணம் எளிது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். 2.45 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பின்சக்கரம் 0.11 நொடி தாமதமாக ஏறும். பிந்தித் தொடங்குகிற பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடிக்கும். இல்லாவிட்டால் முன்பக்கம் இறங்கும்போது பின்பக்கம் ஏறி, பயணிகளின் தலை முன்னும் பின்னும் ஆடும். அந்தத் தலையாட்டல்தான் களைப்பைத் தருகிறது.

இப்போது பட்டறைக்காரரின் கேள்விக்கு முழு அர்த்தம் கிடைக்கும். பின்பக்க எடை 200 கிலோவிலிருந்து 330க்கு ஏறினால் பின் தாளம் 22 விழுக்காடு மெதுவாகிவிடும். கம்பெனிக்காரன் கணக்குப் பார்த்து வைத்த தட்டையான பயணம், ஐந்து பேர் ஏறியதும் கலைந்துவிடும். முன் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கிக்கொண்டு வருகிறவர் அதை இன்னும் கெடுக்கிறார். எப்போதும் ஆளோடும் சாமானோடும் ஓடும் வண்டிக்கு அவர் பின் ஸ்பிரிங்கை மட்டும் ஒரு படி ஏற்றிவிட்டு, முன்னதைத் தொடாமல் விட்டதும் உண்டு.

ஸ்பிரிங்கில் நடக்கும் அட்டூழியங்கள் தனி அத்தியாயம். வண்டியை இறக்க ஒரு சுற்றை அறுத்துவிடுவது பழைய பழக்கம். வேலை செய்யும் சுற்று ஆறு இருந்து ஒன்றை அறுத்தால் ஸ்பிரிங் 20 விழுக்காடு கடினமாகும், அது பரவாயில்லை. ஆனால் நீளம் குறைந்ததால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தைவிட்டு நழுவக்கூடும். இதைவிட மோசம், கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றி இறக்குவது. இரும்பின் பதமே போய்விடும். இன்னொரு கோஷ்டி இதற்கு நேர் எதிராக, வண்டி தரையில் தட்டுகிறது என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபரைத் திணிக்கும். ஒரு சுற்றைப் பூட்டிவிட்டால் மிச்சம் உள்ளவை மட்டும் வேலை செய்யும், ஸ்பிரிங் கடினமாகும், வண்டி உயரும். எப்போதும் முழுச் சுமையோடு ஓடும் டாக்சிக்கு இதைச் சகித்துக்கொள்வார். தனியாக ஓட்டுகிறவர் கேட்டால், பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிய கம்பெனி ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லுவார். கம்பியின் தடிமனில் இருக்கிறது சூட்சுமம். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஸ்பிரிங் 38 விழுக்காடு கடினமாகிறது. கண்ணால் பார்த்து இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது.

இனி அந்த இடுப்பு வலிக்காரருக்கு வருவோம். ஐடி வேலையில் இருக்கும் இளைஞர், நடுத்தர செடான், 35 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங், பழைய ஷாக் அப்சார்பரே மிச்சம். எங்கோ மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்பிரிங் ரொம்பக் கடினம், கொஞ்சம் மென்மையானது கிடைக்குமா என்பது அவர் கேள்வி. பட்டறைக்காரர் பதில் சொல்லாமல் நான்கு ஷாக் கம்பிகளிலும் தலா ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு, செட்டிபாளையம் பக்கத்துப் பஞ்சாயத்துச் சாலையில் ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்தபோது கேபிள் டை நான்கும் கம்பியின் கோடிவரை தள்ளப்பட்டு, பம்ப் ரப்பர் எனப்படும் கட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மேல்நோக்கிப் போக முதலில் 70 மில்லிமீட்டர் இருந்தது. 35 மில்லிமீட்டரை இறக்கத்துக்கே கொடுத்தாயிற்று. ஒவ்வொரு மேட்டிலும் வண்டி ஸ்பிரிங்கைத் தாண்டி ரப்பர் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, நீங்க ஸ்பிரிங்குல ஓட்டுறதே இல்லீங்க, ரப்பர்ல ஓட்டிட்டு இருக்கீங்க."

இதில் சொகுசு மட்டும் போகவில்லை. வளைவில் இருக்கும்போது ஒரு மேடு வந்து, பின்பக்க ரப்பர் திடீரென்று முட்டினால் அந்த முனையின் கடினம் ஒரே நொடியில் பலமடங்காகும், டயர் பிடி நழுவும். வேகமாக ஓட்டுவதற்காகச் செய்த வேலை, வேகமாக ஓட்டும்போதுதான் காலை வாரிவிடும். மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வைத்த வண்டியில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்ளும். இறக்கியதும் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சாயத் தொடங்கும். வண்டி எந்த அச்சைச் சுற்றி சாய்கிறதோ அந்த அச்சு, வண்டியின் எடைமையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடுவதால் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கிச் சம்பாதித்ததில் ஒரு பங்கை இறக்கம் தின்றுவிடுகிறது. குழியில் ஸ்டீயரிங் தானாக இழுப்பதும் கூடவே வரும்.

அவர் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, ஷாக் அப்சார்பரை மட்டும் நல்லதாக மாற்றினார்.

ஷாக் அப்சார்பருக்குள் இருப்பது எண்ணெய், பிஸ்டன், சில மெல்லிய எஃகு வட்டுகள், அவ்வளவுதான். பிஸ்டன் எண்ணெயைத் துளை வழியே தள்ளுகிறது, ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி வெளியே போகிறது. நீண்ட மோசமான சாலையில் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். முக்கியமானது, எந்த வேகத்தில் எவ்வளவு எதிர்ப்பு என்பது. பிரேக் போடும்போது மூக்கு தாழ்வதும், வளைவில் உடல் சாய்வதும், மேம்பால இணைப்புகளில் வண்டி அலையடிப்பதும் பிஸ்டனுக்கு மெதுவான அசைவு, நொடிக்குப் பத்து சென்டிமீட்டருக்குள். கூரான குழியில் விழுந்து எழுவது வேகமான அசைவு, அதைப்போலப் பத்து மடங்கும் போகும். நல்ல ஷாக் அப்சார்பர் மெதுவான அசைவை இறுக்கிப் பிடிக்கும், வேகமான அடி வந்தால் வட்டுகள் வளைந்து வழிவிடும். மலிவானதை இறுக்கினால் எல்லா வேகத்திலும் இறுகும். சொகுசையும் பிடிப்பையும் தராசின் இரண்டு தட்டுகளாக எல்லோரும் பேசுகிறார்கள். இந்த உருளைக்குள் அவை இரண்டும் வேறுவேறு வேகங்களில் குடியிருக்கின்றன, ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றலாம் என்பதுதான் தன் தொழிலின் சாரம் என்று அவர் நினைக்கிறார்.

ஸ்பிரிங் அமுங்கும்போது குறைவாகவும், விரியும்போது இரண்டு மூன்று மடங்கு அதிகமாகவும் தடுப்பது சாலை வண்டிகளின் வழக்கம். விரியும் பக்கத்தை அளவுக்குமேல் இறுக்கினால் வேறொரு நோய் வரும். தொடர்ந்து குழிகள் வரும் சாலையில் ஸ்பிரிங் விரிந்து பழைய நிலைக்கு வருவதற்குள் அடுத்த அடி விழும், வண்டி படிப்படியாகக் கீழே உட்கார்ந்து, கடைசியில் மறுபடியும் அதே ரப்பர் கட்டை. கிளிக் வைத்துத் திருப்பும் ஷாக் வாங்கியவர்களில் பலர் எல்லாவற்றையும் கடைசிவரை திருகிவிட்டு, காசுக்கேற்ற கடினம் வந்துவிட்டது என்று திருப்திப்படுவார்கள். அவர் மென்மையான கோடியிலிருந்து தொடங்குவார். மேம்பால இணைப்பைத் தாண்டியதும் வண்டி ஒரே அசைவில் அடங்கும்வரை ஒவ்வொரு கிளிக்காக ஏற்றி, அங்கேயே நிறுத்திவிடுவார்.

ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா என்ற சண்டையும் பட்டறையில் அடிக்கடி நடக்கும். பிரெஞ்சுக்காரரான டி கார்பன் உருவாக்கிய உயர் அழுத்த ஒற்றைக் குழாய் முறையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் எடுத்துக்கொண்டு 1957இல் மெர்சிடிஸ் கார்களுக்குக் கொடுத்தது. உள்ளே 20 முதல் 30 பார் வரை நைட்ரஜன் அழுத்தம். கம்பியை அமுக்கிவிட்டால் தானாக எழுந்து நிற்கும். எண்ணெய் நுரைக்காது, சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் சீல் கம்பியை இறுக்கிப் பிடிப்பதால் மெதுவான வேகத்தில் சின்னச் சின்ன நெளிவுகள் உள்ளே தெரியும். நகரத்துக்குள்ளேயே சுற்றும் குடும்பக் காருக்கு அவர் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது வாயு நிரப்பிய நல்ல இரட்டைக் குழாய் வகை. வாரக் கடைசியில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளை ஒரே மூச்சில் ஏறி இறங்குகிறவருக்கு ஒற்றைக் குழாய். விலையில் பெரிய வித்தியாசம், அதனால் விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும்.

சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கைத் தொடாமலே ஒரு வழி உண்டு. ஆன்டி ரோல் பார் எனப்படும் அந்த வளைந்த கம்பி, இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சும்மா இருக்கும், ஒன்று ஏறி மற்றது இறங்கும்போது மட்டும் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 போட்டால் 46 விழுக்காடு கடினம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறும் வழியில் பின் சீட்டுப் பிள்ளைகள் வாந்தியெடுக்கிறார்கள் என்று வந்த ஒரு டாக்டரின் காருக்கு அவர் செய்தது, பின்பக்கம் சற்றுத் தடித்த பாரும் புதிய ஷாக்குகளும்தான். உடல் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்வது குறைந்ததும் பிள்ளைகளுக்குத் தொல்லை குறைந்தது. டாக்டரும் கொஞ்சம் நிதானமாக ஓட்டத் தொடங்கியிருந்தார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவார். பின் பாரை ஆசைக்குத் தடிமனாக்கினால் மழையில் பின்பக்கம் வழுக்கும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும் நம் சாலைகளில், தடித்த பார் அந்த அடியை அடுத்த சக்கரத்துக்கும் கொண்டுபோகும், தலை இடவலமாக ஆடும். முன்பக்கத்தில் தடிமனாக்கினால் வளைவில் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போகும், அது புதிதாக ஓட்டுகிறவருக்குப் பாதுகாப்பு.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு அவர் காட்டுவது பட்டறைக்கு எதிரே இருக்கும் வேகத்தடையை. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிம்மதியாகத் தாண்ட வேண்டும். எதிரே இருப்பது ராத்திரியோடு ராத்திரியாகத் தெருக்காரர்கள் போட்ட சிமென்ட் முதுகு, அகலம் ஒரு அடி. 165 மில்லிமீட்டர் தரை இடைவெளியை 130 ஆக்கிக்கொண்டு அதன்மேல் ஐந்து பேரோடு ஏறிப் பார்க்கட்டும் என்பார். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே அளவில் தரமான இன்னொன்றைப் போடுவது பராமரிப்பு. உடலைத் தரையோடு ஒட்டுவது வேறு விவகாரம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

மாட்டும்போது அவர் பட்டறைப் பையன்களிடம் கண்டிப்பாக இருக்கும் விஷயம் ஒன்று. லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்ம் புஷ் போல்ட்டை இறுக்கக்கூடாது. அப்படி இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும், அதுவரை தேவையில்லாத விறைப்பும் இருக்கும். தரையில் நிறுத்தி, எடை ஏறிய பிறகே கடைசி முறுக்கு. ஷாக் எப்போதும் ஜோடியாக. புதிய ஸ்ட்ரட்டுக்குப் பழைய மேல் மவுண்ட்டையும் பழைய பம்ப் ரப்பரையும் திருப்பிப் போடக்கூடாது, சில நூறு ரூபாய்க்குப் பார்த்து மறுபடி முழு வேலையும் செய்ய வேண்டியிருக்கும். முடிந்ததும் அலைன்மென்ட். சில நாள் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடி ஒரு அலைன்மென்ட்.

சமீப காலத்தில் வேறு வகை வண்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 2021இல் வந்த எக்ஸ்யூவி700இன் ஷாக் அப்சார்பரில், அதிர்வின் வேகத்தைப் பார்த்துத் தானே இளகும் வால்வு இருக்கிறது. மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, எண்ணெய் ஓடும் பாதையிலேயே தீர்த்திருக்கிறார்கள். பந்தயக் குழுக்கள் வட்டு வட்டாக மாற்றித் தேடிய குணத்தில் ஒரு பகுதி, இப்போது ஷோரூமிலிருந்தே கிடைக்கிறது. அந்த வண்டிக்கு இறக்கும் ஸ்பிரிங் கேட்டு வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அந்த வால்வு குறிப்பிட்ட ஸ்பிரிங்குக்கும் குறிப்பிட்ட எடைக்கும் ஏற்பச் செய்தது, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் இழுக்கும் என்பது அவர் காரணம். மனசு கேட்காமல் நின்றுகொண்டிருப்பவரிடம் டயர் காற்றைக் காட்டச் சொல்லி, அழுத்தமானியை எடுக்கப் போய்விடுவார்.